பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன்

அந்த வருடம் நாங்கள் ஆளுக்கொரு ஊரில் இருந்தோம். என் கணவர் நியூ ஜெர்சியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்தார். நான் டெக்சஸில், டாலஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் தெற்கே போனால் வரும் ஒரு கல்லூரி ஊரில், ஆஸ்பத்திரி ரெசிடென்ட், அதாவது பயிற்சிக் காலத்து டாக்டர். இந்தியாவில் படித்துவிட்டு வந்த டாக்டருக்கு எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போக வேண்டியதுதான். மூன்று வருடம் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். நீண்ட வீக்எண்டுகளில் அவர் வருவார், அல்லது நான் போவேன்.

ஜூன் மாதம் எங்கள் குழந்தை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. பெண் குழந்தை. அன்று காலை வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அசைவு இல்லை என்று எனக்குப் பட்டது. நானாகவே பிரசவ வார்டுக்கு இறங்கிப்போய், தெரிந்த நர்ஸிடம் குழந்தையின் துடிப்பைக் கேட்கும் கருவியை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் வந்து இன்னொரு முறை பார்த்தபின் சொல்லலாம் என்றார்கள். அவர் வேறொரு பிரசவத்தில் இருந்தார். கணவருக்கு நான் போன் செய்தபோது சாயங்காலமாகிவிட்டது.

அவர் மறுநாள் வந்தார். ஒரு வாரம் இருந்தார். சமைத்தார், துணி துவைத்தார், வந்த பூங்கொத்துகளையெல்லாம் பால்கனியில் வைத்தார். அங்கே அவை வெயிலில் ஒரே நாளில் கருகின. பிறகு அவருடைய ப்ராஜெக்ட் கூப்பிட்டது, போய்விட்டார். எனக்குப் பால் சுரந்தது. சுரக்கும் என்று படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் எனக்குச் சுரந்தபோது யாரோ தெரியாமல் என் மேல் எதையோ கொட்டிவிட்டதுபோல நின்றேன். பழைய புடவையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

ஈரோட்டிலிருந்து அம்மா போனில், "ஒடம்பப் பாத்துக்க கண்ணு. நான் வேணா பொறப்பட்டு வரட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் வந்தால் அழுவாள். அவள் அழுதால் நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. காலையில் எழுந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன், வந்தேன், தயிர்சாதம் சாப்பிட்டேன். டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு அது பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டேன். சில நாள் என் அப்பார்ட்மென்ட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி ரொம்ப தூரம் போயிருப்பேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவேன். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் போன் செய்வார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே வெயிலா, இங்கே மழை. அதற்கப்புறம் பேச ஒன்றும் இருக்காது. ஆனாலும் போனை வைக்க இருவருக்கும் மனசு வராது. அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் உறுமுவது எனக்குக் கேட்கும்.

ஜூலையில் ஒரு ஞாயிறு அவர் வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"ஸ்டேஷன்ல ஒரு புக் பாத்தேன். காலேஜ் ஃபுட்பால் சீசன் வரப்போவுதாம், எல்லா டீமப் பத்தியும் போட்டிருக்கான். உங்க காலேஜ் டீமுக்கு ரெண்டு பக்கம்."

"நமக்கெதுக்குங்க அது?"

"தெரியல. உங்க ஊர் பேரு இருந்துச்சு. வாங்கிட்டேன்."

அவர் கிரிக்கெட் ஆசாமி. அமெரிக்க ஃபுட்பாலை இருபது பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுகிற ஆட்டம் என்பார். ஆபீஸில் திங்கட்கிழமை எல்லோரும் அதைப் பற்றிப் பேசும்போது காபி எடுக்கப் போய்விடுகிறவர். அவர் அன்று அந்த இரண்டு பக்கத்தையும் எனக்கு வாசித்துக் காட்டினார். இந்த வருடம் கவனிக்க வேண்டிய ஆட்டக்காரர்கள் என்று ஐந்தாறு பேரைப் பற்றித் தனியாக எழுதியிருந்தார்கள். குவார்ட்டர்பேக் என்கிறவன்தான் பந்தை யாருக்கு எறிவது என்று முடிவு செய்கிறவன். நல்ல கை, ஆனால் அவசரக்காரன். அவனைக் காப்பாற்ற முன்வரிசையில் நிற்கும் மலைபோன்ற ஆட்களில் இரண்டு பேர் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள். தடுப்பு வரிசையில் ஒருவனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் ரன்னிங் பேக், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன். அவன் ஒருவனை வைத்துத்தான் இந்த அணியின் சீசனே நிற்கிறது என்று புத்தகத்தில் எழுதியிருந்தது.

நான் 'ம்' கொட்டினேன். அவர் குரல் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்கு வேண்டியிருந்தது என்று சொல்ல முடியாது. வேண்டாமல் இல்லை.

அடுத்த ஞாயிறும் அதேதான். எங்கிருந்தோ இன்னும் இரண்டு புத்தகங்கள் வாங்கியிருந்தார். ஒன்றில் சொன்னதை இன்னொன்று மறுத்தது. மூன்றாவது வாரம் அவர் "நம்ம டீம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஆகஸ்டில் எங்கள் துறையின் மூத்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அறுபது வயதுக்கு நெருங்கிய டெக்சஸ்காரப் பெண்மணி, குரலை உயர்த்தாதவர். கல்லூரியின் ஆட்டக்காரர்களுக்கு சீசனுக்கு முன் மருத்துவப் பரிசோதனை நடக்கும், ரெசிடென்ட்டுகள் போய்ச் செய்வது வழக்கம், சுலபமான வேலை என்றார். இன்னொரு ரெசிடென்ட்டுக்கு முழங்கால், தோள்பட்டை பார்க்க ஆசை. எனக்கு மிஞ்சியது இதயம். நாள் முழுக்க இதயத்துடிப்பைக் கேட்கிற வேலை உங்களுக்குப் பரவாயில்லையா என்று அவர் கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்தபின், பரவாயில்லை என்றேன். உண்மையிலேயே பரவாயில்லாமல்தான் இருந்தது.

ஸ்டேடியத்தின் அடியில் ஒரு பெரிய ஹாலில் திரைகள் கட்டி வைத்திருந்தார்கள். எடை, கண், ரத்த அழுத்தம், அப்புறம் நான். வலிக்குத் தடவும் களிம்பும் தரை பாலிஷும் கலந்து நெடியடித்தது. அரை டிரௌசரோடு ஒவ்வொருவனாக வந்து என் முன்னால் உட்கார்ந்தான். உட்கார்ந்தும் என் தலைக்கு மேல் இருந்தார்கள் சிலர். ஸ்டெதஸ்கோப் குளிர்ந்தால் கூசி நெளிந்தார்கள். போனில் கேட்டுக் கேட்டு எனக்கு அவர்களை ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவசரக்காரன் என்று புத்தகம் சொன்ன குவார்ட்டர்பேக் மூச்சை இழுத்து விடச் சொன்னால் நான் போதும் என்னும் முன்பே நிறுத்திவிட்டான். முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவன் கேட்காமலே காலை நீட்டித் தழும்பைக் காட்டினான். அது அடுத்த திரை என்றேன்.

ரன்னிங் பேக் மத்தியானத்துக்குப் பிறகு வந்தான். நான் நினைத்திருந்ததைவிடக் குட்டை. மரியாதையாகப் பேசினான், ஒவ்வொரு பதிலுக்கும் 'மேடம்' சேர்த்தான். அவன் நெஞ்சில் வைத்துக் கேட்டபோது துடிப்புகளுக்கு நடுவே சன்னமாக ஓர் இரைச்சல் இருந்தது. அது பெரிய விஷயமில்லை, நன்றாக ஓடுகிறவர்கள் பலருக்கும் இருக்கும். எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி கேட்டேன். சாதாரண இரைச்சல் நின்றால் குறையும். இவனுக்குக் கூடியது. மூச்சை அடக்கி முக்கச் சொன்னேன். இன்னும் கூடியது.

வீட்டில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டேன். அம்மாவின் தம்பி, கூடைப்பந்து ஆடும்போது என்றான். வெயில் தாங்காமல் என்று சொன்னார்கள் என்றான்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுத வேண்டியதை எழுதினேன். ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை பயிற்சிக்குப் போகக்கூடாது என்று அணியின் ட்ரெய்னரிடம் சொன்னேன். ட்ரெய்னர் என்றால் கணுக்காலுக்குக் கட்டுப்போடுவதிலிருந்து தண்ணீர் கொடுப்பது வரை ஆட்டக்காரர்களின் உடம்புக்குப் பொறுப்பானவர். அவர் என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய், இவன் யாரென்று தெரியுமா டாக்டர் என்று கேட்டார். கோபமாக அல்ல. ஊருக்குப் புதிதாக வந்த வெளிநாட்டுக்காரிக்கு எடுத்துச் சொல்கிற தோரணையில்.

தெரியும் என்றேன். சீசனே இவனை நம்பித்தான் இருக்கிறது என்றேன்.

அவர் அதன்பிறகு வாதாடவில்லை.

எங்கள் மூத்த டாக்டரும் கேட்டுப் பார்த்துவிட்டு நான் சொன்னதையே சொன்னார். ஸ்கேனில் இதயத்தின் நடுச்சுவர் தடித்திருந்தது. கடுமையாகப் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் தடிக்கும். இது அந்த அளவைத் தாண்டியிருந்தது. டாலஸில் ஓர் இதய நிபுணரிடம் அனுப்பினார்கள். அவர் ஆடக்கூடாது என்றார். ஆடினால் எதுவும் ஆகாமல் போகலாம், ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழவும் செய்யலாம். கல்லூரி என்ன முடிவு செய்யும் என்று தெரிய இன்னும் சில வாரங்கள் ஆயின. அதுவரை பையன் பயிற்சியில் இல்லாததற்குத் தசைப்பிடிப்பு என்று வெளியில் சொல்லிவைத்தார்கள்.

அந்த வாரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.

"குவார்ட்டர்பேக் சொதப்பினாலும் பரவால்ல. இவன் ஒருத்தன் போதும்," என்பார் என் கணவர். அவன் போன வருடம் எந்த ஆட்டத்தில் எத்தனை பேரைத் தாண்டி ஓடினான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நான் 'ம்' என்பேன். நோயாளியைப் பற்றி வெளியில் சொல்லக்கூடாது. கணவரும் வெளிதான். ஆனால் சட்டம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். பல வாரங்களுக்குப் பிறகு அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது. அதை நிறுத்த எனக்குத் தோன்றவில்லை. ஊரில் நடக்கும் முதல் ஆட்டத்துக்கு வருகிறேன் என்று அவர் ஃப்ளைட் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். ஜூனுக்குப் பிறகு அவர் வருவது அதுதான் முதல் தடவை. வாங்க என்றேன்.

ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு கல்லூரி அறிவித்தது. எங்கள் ஆஸ்பத்திரி செய்த பரிசோதனையில் தெரிந்த உடல்நலக் காரணங்களால் அவன் இந்த சீசன் ஆடமாட்டான். என் கணவரிடம் ஆபீஸில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் நடு வாரத்தில் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டார். நான் நர்ஸ்கள் உட்காரும் மேஜையருகில் நின்று பேசினேன்.

"நீதான் பாத்தியா அவன?"

"ஆமாங்க."

"எப்போ?"

"ஆகஸ்ட் ஆரம்பத்துல."

அவர் ஆபீஸ் கதவைச் சாத்துவது போனில் கேட்டது.

"அவனப் பத்தி சொல்லக் கூடாதுங்க. பேஷன்ட்," என்றேன்.

"தெரியும். அதுக்குக் கேக்கல." பிறகு சொன்னார்: "அன்னிக்கும் நீ தனியாத்தான் தெரிஞ்சு வச்சுக்கிட்டு இருந்த. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். நான் இங்க மீட்டிங்ல சிரிச்சுட்டு இருந்தேன்."

அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுவே முதல்முறை. பக்கத்தில் ஒரு நர்ஸ் மாத்திரைகளைச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ரவுண்ட்ஸ் இருக்குதுங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவர் வந்தார். டிக்கெட் வாங்கிவிட்டோமே என்று ஆட்டத்துக்குப் போனோம். ஸ்டேடியத்தின் உச்சியில் இடம். செப்டம்பரிலும் அலுமினிய பெஞ்ச் சுட்டது. பேண்டு வாத்தியமும் கூச்சலும் சேர்ந்து காது அடைத்தது. எங்கள் இருவரைத் தவிர எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை போட்டிருந்தார்கள். கீழே ஓரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். ஹெல்மெட் இல்லை, தோளில் கவசம் இல்லை. டீ-ஷர்ட்டும் தொப்பியும் மட்டும். ஓடி வந்து களைத்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவன் இடத்தில் ஓடிய பையன் பந்தை இரண்டு முறை நழுவவிட்டான். ஒவ்வொரு முறையும் என்னைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே குரலில் முனகினார்கள். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர், அவனை மட்டும் ஆடவிட்டிருந்தால் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் கணவர் கத்தவில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் அணி தோற்றது. கார் நிறுத்தியிருந்த புல்வெளிக்குக் கூட்டத்தோடு நடந்து வரும்போது அவர், "நான் இங்க வந்துடறேன். டாலஸ் பக்கம் வேல தேடறேன்," என்றார். ப்ராஜெக்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். வண்டி எந்த வரிசையில் என்று தேட ஆரம்பித்தார்.

அக்டோபரில் அந்தப் பையன் கிளினிக்குக்கு வந்தான். அவனுடைய ரிப்போர்ட்டுகளின் நகல் வேண்டும், வேறு ஒரு மாநிலத்தில் இன்னொரு டாக்டர் பார்க்கிறார், ஆடலாம் என்று அவர் சொல்லக்கூடும் என்றான். உங்களுக்கு நிச்சயமா என்று கேட்டான். உன் நெஞ்சில் கேட்டதும் ஸ்கேனில் பார்த்ததும் நிச்சயம், அது உன்னை என்ன செய்யும் என்பது யாருக்கும் நிச்சயமில்லை, ஆடாதே என்றேன். தலையாட்டினான். நகல்களை உறையில் போட்டுக் கொடுத்தேன். கதவருகில் நின்றான்.

"அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க, மேடம். என்னால இப்ப முடியல."

பரவாயில்லை என்றேன். அவன் போனபின் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அன்று சாயங்காலம் அப்பார்ட்மென்ட் படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மாடியில் குடியிருந்த மாணவன் ஒருவன் என்னைச் சுற்றிக்கொண்டு மேலே போனான். அழவில்லை. ஆனால் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரிந்தது, சிமெண்ட் சூடாக இருக்கிறது என்பதும் தெரிந்தது. பல மாதங்களாக அந்த மாதிரி எதுவும் எனக்கு உறைத்ததில்லை.

ஜனவரியில் என் கணவர் டாலஸை ஒட்டிய இர்விங்கில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு அப்பார்ட்மென்ட் எடுத்தோம். எனக்கு ஆஸ்பத்திரி ஊரில் ஒன்று, வீடு என்று சொல்ல இது ஒன்று. இரண்டு மணி நேரம் ட்ரைவ் செய்தால் போதும், விமானம் ஏற வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனுக்குப் பதில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முதல் சில வாரங்கள் போனில் பேசியதைவிடக் குறைவாகத்தான் பேசினோம். அவர் பேப்பர் படிப்பார், நான் துணி மடிப்பேன்.

அடுத்த வருடம் செப்டம்பரில் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவன் ஆடறான்," என்றார். வேறு மாநிலத்தில், யாரும் அதிகம் கேள்விப்படாத ஒரு சின்னக் கல்லூரி. பொடி எழுத்தில் ஆட்ட முடிவுகளுக்கு நடுவே அவன் பெயர் இருந்தது. இரண்டு சீசன் அவன் ஆடினான். ஒவ்வொரு வாரமும் என் கணவர் பார்த்துச் சொல்வார். எங்களுக்குத் தெரிந்தவரை அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு அவன் பெயர் எங்கும் வரவில்லை. படிப்பு முடிந்திருக்கும். மூத்த டாக்டரிடம் ஒருமுறை, நாம் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்றேன். இல்லை, நாளைக்கு அவன் மாதிரி இன்னொருத்தன் வந்தால் இதையேதான் சொல்வோம் என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனாலும் அவன் ஓடினான் என்று என் கணவர் வாசித்த ஒவ்வொரு வாரமும், எங்கோ இறுக்கியிருந்த ஒன்று கொஞ்சம் தளர்ந்தது. அடுத்த வாரம் மறுபடி இறுகியது.

அவன் மறுபடி ஆட ஆரம்பித்த அந்த வருட தீபாவளிக்கு இர்விங்கில் எங்கள் அப்பார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸ் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மத்தியானச் சாப்பாடு வைத்தார்கள். வீட்டுக்கு ஒரு பதார்த்தம். கோயமுத்தூர்க்கார ஆன்ட்டி ஒருவர், மகனோடு தங்க வந்தவர், பரிமாறிக்கொண்டே வந்தார். எங்கள் பக்கம் வந்து, குழந்தைகள் எத்தனை என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு நான் வழக்கமாக இன்னும் இல்லை என்று சொல்லிவிடுவேன். வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் சொன்னார்.

"ஒரு பொண்ணு, ஆன்ட்டி. போன வருஷம் ஜூன்ல. வயித்துலயே போயிட்டா."

ஆன்ட்டி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார். கடவுள் இருக்கிறார் என்றோ, அடுத்தது நல்லபடி பிறக்கும் என்றோ அவர் சொல்லவில்லை. என் பக்கத்தில் மடக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பேரு ஏதாச்சும் நெனச்சு வச்சிருந்தீங்களா, கண்ணு?"

இல்லை என்று என் கணவர் தலையாட்டினார். நான் தட்டைப் பார்த்தேன். ஆன்ட்டி என் முதுகில் கையை வைத்தார். வைத்த இடம் மட்டும் சுட்டது. தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

அன்றைக்கே நான் ஆஸ்பத்திரி ஊருக்குத் திரும்ப வேண்டும். அவர் கொண்டுவந்து விடுகிறேன் என்று வண்டியை எடுத்தார். ஃப்ரீவேயில் லாரிகள் நிறைய. வெகு தூரம் வந்தபின், "ஒரு பேரு நெனச்சிருந்தேனுங்க. மே மாசத்துலயே. உங்ககிட்ட நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன்," என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "சொல்லு," என்றார்.

சொன்னேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் அந்தப் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை சொன்னபோது குரல் உடைந்தது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். வேண்டாம், ஓட்டறேன் என்றார். எங்கள் ஊருக்குத் திரும்பும் எக்சிட் வரும்வரை அப்படியே ஓட்டினார்.